காரோணம் என்னும் பெயர் வரலாறு

நாகைக் காரோணம், குடந்தைக் காரோணம், கச்சிக் காரோணம் எனத் தமிழகத்தில் மூன்று சிவாலயங்கள் ஒரு பெயராற் போற்றப்பெறுகின்றன. நாகைக் காரோணம் மூவர் பாடலும் பெற்றது. குடந்தைக் காரோணம் திருஞானசம்பந்தர் திருப்பதிகம் பெற்றது. ஊர்கள் வேறாயினும் கோயிற்பெயர் ஒன்றாதலின், இஃது அவ்வூர்களுள் ஒன்றற்கே உரிய பெயரன்று. பிறிதோர் இடத்தினின்று போந்த பெயராதல் வேண்டும்.

காரோணம் என்பது காயாரோகணம் என்னும் வடசொல்லின் மரூஉ. காயம் உடல், ஆரோகணம் மேலேறுதல். புண்டரீக முனிவரை இறைவன் உடலோடு ஏற்றுக்கொண்டனன் என்னும் நாகைத் தலவரலாறு இப்பொருள்பற்றி எழுந்தது.

ஆயின், இப்பெயரின் தாயகம் கூர்ச்சர நாடாம். வடோதராவை அடுத்துக் கார்வான் என இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் காயாவரோகணம். அவரோகணமாவது கீழிறங்குதல். ஆண்டுச் சுடுகாட்டிற் கிடந்ததோர் உடலிற் சிவபெருமான் புகுந்து இலகுலீசராய் வெளிப்பட்டனர் என வாயு, இலிங்க புராணங்கள் கூறும். இவரே பாசுபத நெறியைப் பரப்பிய ஆசிரியர். குசிகர், கார்க்கியர், மித்திரர், கௌருஷ்யர் என்போர் இவர்தம் மாணாக்கர். கி. பி. 380-இல் இரண்டாஞ் சந்திரகுப்தன் காலத்தெழுந்த வடமதுரைத் தூண் கல்வெட்டு, உதிதாசாரியர் என்பாரைக் குசிகர்க்குப் பத்தாமவராகக் குறிக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சிந்திரப் பிரசஸ்தியோ இலகுலீசர் தோன்றிய இடத்தைக் காரோகணம் என்றே சுட்டும். காரோகணம் காரோணமாதற்கு ஓரெழுத்துக் குறைதலே அமையும்.

எனவே, பாசுபதர் தம் முதற்றலத்தின் பெயரைத் தாம் சென்ற இடங்களிற் கோயில்கட்கு இட்டனர் எனக் கொள்ளுதலே பொருந்தும். பிற்காலத்துச் சைவ சித்தாந்தம் பாசுபதத்தை அகப்புறச் சமயங்களுள் வைத்தது. சிவபிரானுக்குப் பிறப்பின்மையையும் வலியுறுத்தியது. அந்நெறி தழைத்த நாட்டில் இறைவன் இறங்கிய கதை மறைந்து, அடியார் ஏறிய கதை நிலைபெற்றது வியப்பன்று.

தலபுராணம் கூறுவது பொருள். கல்வெட்டுக் காட்டுவது வரலாறு. ஒன்றனைக் கொண்டு மற்றொன்றனை அழித்தல் வேண்டா. இறைவன் அருளால் இறங்கி வருதலும் உயிர் அவ்வருளால் ஏறிச் சேர்தலும் ஒரு செயலின் இரு கூறுகளே. ஆயினும், தேவாரத்தை ஓதுவார் காரோணம் என்னுந்தோறும், அச்சொல்லைத் தமிழகத்திற்குக் கொணர்ந்த பழைய சிவனடியார் கூட்டத்தையும் நினைதல் கடனாம்.