திருமோகூர் வழியும் கைம்முதலில்லா யாத்திரையும்

திருவாய்மொழிப் பத்தாம்பத்தின் முதல் திருவாய்மொழி திருமோகூர் விஷயமானது. பரமபதத்துக்குப் புறப்படும் ஆழ்வார் காளமேகப் பெருமாளை வழித்துணையாகப் பற்றுகிறார் என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாஹம். அத்திவ்யதேசம் மதுரைக்கு வடகிழக்கே, யானைமலையை அடுத்த வயல்வெளியில் உள்ளது. வ்யாக்யானம் கேட்ட அக்காலத்தவர்க்கு வழித்துணை என்பது வெறும் உருவகமன்று. கட்டுச்சோறு தீர்ந்தபின் சோறிடுவாரும், இருட்டினால் திண்ணை கொடுப்பாரும், காட்டுவழியில் கூட வருவாரும் இல்லாமல் ஏழை யாத்ரிகன் ஊர் கடக்க இயலாது. பொருளுடையவனுக்கோ துணை இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது.

1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளோடு தெற்கே எழுந்தருளிய பிள்ளை லோகாசார்யர், வழியில் கள்வர் மறித்தபோது தம் பொருளையும் கொடுத்துவிட்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிய ஜ்யோதிஷ்குடி, யானைமலைச் சாரலிலுள்ள கொடிக்குளம் என்பர். ஆகிஞ்சந்யத்தை ரஹஸ்யங்களில் உபதேசித்தவரின் கடைசி யாத்திரை, உலகியற்பொருளிலும் கைம்முதலற்றதாகவே முடிந்தது.

1689 முதல் ஏறத்தாழ 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரையில் அவர் பெயர் தாங்கிய சத்திரம் ரயிலடிக்கு எதிரே இருப்பதாக இன்று அடையாளம் சொல்கிறார்கள். உண்மையில் ரயிலடிதான் சத்திரத்துக்கு எதிரே வந்தது. 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து இருப்புப்பாதை மதுரையை எட்டியது. ஸ்ரீரங்கத்திலிருந்து நான்கைந்து நாள் நடை ஒரு பகலுக்குள் அடங்கிற்று. வழிச்சோறும் இராத்தங்கலும் மிச்சம். ஆயினும் ஒரு வேறுபாட்டைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. நடந்து போனவன் காசில்லாமலும் முதலடி வைக்கலாம். ரயிலில் மூன்றாம் வகுப்புக்கும் புறப்படுமுன்பே காசு வைத்தாக வேண்டும். வழியில் பிறர் தருவதை நம்பிய யாத்திரை, முன்கூட்டிச் சேர்த்ததை நம்பும் யாத்திரையாயிற்று. நடைவழிச் சத்திரங்களுக்கு ஆள்வரவு குறைந்தது. சோறிட்ட கைகளும் மெல்ல ஓய்ந்தன. இழப்பு ஏழைக்கு மட்டுமன்று, இட்டவருக்கும்தான்.

பேருந்து வந்தபின் திருமாலிருஞ்சோலை அரைநாள் ஸேவையாகச் சுருங்கியது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூதாட்டிகள் காசின்றியே அழகரை ஸேவித்துத் திரும்புகிறார்கள். இது சிறிய உபகாரமன்று. ஆனால் இடைவழி ஊர்களில் அவர்களை எதிர்கொள்பவர் யாருமில்லை. வழித்துணை என்ற சொல்லுக்கு இன்று உரை சொல்பவர், அக்காலத்துச் சாலையையும் சேர்த்தே விளக்கவேண்டியிருக்கிறது.

சித்திரையில் மட்டும் பழைய முறை உயிரோடிருக்கிறது. அப்போது யாத்ரிகர் அழகரே. அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று மண்டகப்படிதோறும் தங்கித் தங்கி எழுந்தருளுகிறார். உண்டியல் வண்டிகள் பின்தொடர்கின்றன. உடன் நடப்பவர்களுக்கு நீர்மோரும் பானகமும் சோறும் வழியெங்கும் கிடைக்கின்றன. அவர்களிடம் எந்த ஊர் என்று கேட்பாருண்டு, காசு கேட்பாரில்லை.