அமெரிக்கக் கூட்டாட்சி மாணவர் உதவியும் கல்விக் கடனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கல்லூரிப் படிப்புக்குப் பொருள் போதாத மாணவர்க்கு மத்திய சர்க்கார் மானியமாகவும், பகுதிநேர வேலையாகவும், கடனாகவும் அளிக்கும் சகாயம் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் நகரில் தாம் வறுமையோடு போராடிப் படித்த கல்லூரிக்கே சென்று, அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கென 1944இலும், ருஷ்யர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதையடுத்து 1958இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இதற்கு முன்னோடிகள்.

உதவி நாடுவோர் முதலில் 'ஃபாஃப்சா' எனப்படும் இலவச விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தையும் சொத்து விவரங்களையும் தெரிவிக்க வேண்டும். பிரஜைகளும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோரும் வேறு சில பிரிவினருமே இதற்கு அருகர். மாணவர் விசாவில் வரும் அந்நிய தேசத்தார் அல்லர்.

உதவிகளுள் தலையாயது, 1972இல் தோன்றி, ரோட் ஐலண்டு செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரை 1980இல் ஏற்ற பெல் மானியம். திருப்பிக் கொடுக்க வேண்டாத இப்பணம் 2024–25ஆம் கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். எழுபதுகளின் நடுவில் அரசுக் கல்லூரியொன்றில் ஓராண்டுக்கு ஆகும் செலவில் முக்கால் பங்குக்கு ஈடாக இருந்த இவ்வுச்சத் தொகை, இன்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கே போதுமானதாயிருப்பது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் மானியம் சுருங்கிய இடத்தைக் கடன் வந்து நிரப்பிவிட்டது.

தொடக்கத்தில் வங்கிகள் கொடுத்த கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது. 1993இல் நேரடிக் கடன் திட்டம் ஏற்பட்டு, 2010 ஜூலை முதல் புதிய கூட்டாட்சிக் கடன்கள் ஏறத்தாழ யாவும் கல்வி இலாகாவாலேயே வழங்கப்படுகின்றன. தேவையுள்ளோர்க்குரிய சலுகைக் கடனில் படிக்கும் காலத்து வட்டியைச் சர்க்காரே ஏற்கும். சலுகையற்றதிலோ பணம் கைக்கு வந்த நாள்தொட்டே வட்டி ஏறத் தொடங்குவதால், பட்டம் பெறும் வேளையில் மாணவன் வாங்கியதைவிட மிகுதியான தொகைக்குக் கடனாளியாக நிற்பான். பெற்றோரைச் சார்ந்து முதலாண்டு பயில்பவர் பெறத்தக்கது 5,500 டாலர். அதில் சலுகைக் கடன் 3,500க்கு மேற்படாது. பதினெட்டு வயதில் ஒப்பமிடும் ஒருவருக்கு இவ்விரு கடன்களுக்கும் உள்ள இவ்வேற்றுமையை எவரேனும் அமர்ந்து விளக்குவது அவசியம்.

படிப்பை முடித்த ஆறு மாதங்களுக்குப் பின் தவணை தொடங்கும். சாதாரணமாகப் பத்தாண்டில் அடைக்கலாம். வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைத்துக்கொள்ளவும் வழிகளுண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளைச் செலுத்தியோரின் மீதக் கடனைத் தள்ளுபடி செய்கிறது.

ஏனைய கடன்களிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவது திவால் சட்டம். சூதாடிச் சேர்த்த கடனைக்கூடப் பொதுவாகத் திவால் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளக்கூடிய அந்நாட்டில், கல்விக் கடனுக்கு 1976இல் ஒரு காலவரம்போடு விதித்த தடையை 1998இல் வரம்பற்றதாக்கிவிட்டனர். தாங்கவொண்ணாத கஷ்டத்தைத் தனி வழக்கில் நிரூபித்தால்தான் விமோசனம். இவ்விதி நியாயமென்று கொள்வதற்கில்லை. 4 கோடிக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர் கடன்பட்டிருக்க, அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஜனாதிபதி பைடன் வகுத்த திட்டத்தை, நாடாளுமன்றத்தின் அதிகாரமின்றி அது செல்லாதென 2023 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம் தள்ளியது.