குறையும் குறையும் பெருகின்: இயற்கணித விதி ஒன்றன் வரலாறு

இயற்கணிதம் கற்கப் புகும் மாணவன் முதலாண்டிலேயே சில விதிகளை நெட்டுருச் செய்கின்றான். மிகையை மிகையாற் பெருக்கின் மிகை. மிகையைக் குறையாற் பெருக்கின் குறை. குறையைக் குறையாற் பெருக்கின் மிகை. இவற்றுள் முதலிரண்டும் அவன் அறிவிற்கு எளிதிற் பொருந்துகின்றன. மூன்றாவது பொருந்துவதில்லை. இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பெருகி மிகையாவது எங்ஙனம் என அவன் வினவுகின்றான். பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் விடை, விதி அதுவே, மனத்திற் கொள்க என்பதாம்.

அவ்வினா அறியாமையின்பாற் பட்டதன்று. பல நூற்றாண்டுகள் அறிஞரையும் வருத்திய வினாவே ஆகும். விதி முன்னர்த் தோன்றிற்று; அதன் காரணமோ மிகப் பின்னரே தெளிவுற்றது. இதனை வரலாற்று முறையிற் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழாய்வு இதழில் கணித விதிக்கு இடன் என்னை எனின், குறியீடுகள் பெருகுமுன் இயற்கணிதம் பெரும்பாலும் மொழியாலேயே இயன்றது. அதன் விதிகள் நூற்பாக்களாகவும் அவற்றின் உரைகளாகவும் வழங்கின. நூற்பாவிற்கும் உரைக்கும் உள்ள உறவினை ஆராய்வார்க்கு இவ்வரலாறு அயலதன்று.

1. கூட்டலில் எழாத ஐயம்

குறை எண்களைக் கையாண்ட பழைய நூல்களுள் ஒன்று, சீனத்தில் ஆன் மரபினர் காலத்தில் உருப்பெற்ற 'கணிதக் கலையின் ஒன்பது அதிகாரங்கள்' என்பது. அதன் எட்டாம் அதிகாரத்தில் குறை எண்களைக் கூட்டுதற்கும் கழித்தற்கும் உரிய விதிகள் உள்ளன. கி.பி. 263-இல் அந்நூலுக்கு உரை வரைந்த இலியூ ஊய், மிகைக்குச் செந்நிறக் கோல்களையும் குறைக்குக் கருநிறக் கோல்களையும் வைத்துக் கணக்கிடும் முறையை விளக்குகின்றார். ஆயின், குறையைக் குறையாற் பெருக்குதற்குரிய விதி சீன நூல்களில் வெளிப்படையாக இடம்பெறுவது, சூ சிச்சியே 1299-இல் இயற்றிய தொடக்கநிலைக் கணித நூலிலேயாம். உரை தோன்றிய காலத்திற்கும் இதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன.

இவ்விடைவெளி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. செந்நிறக் கோலையும் கருநிறக் கோலையும் ஒருங்கு வைத்து, ஒன்றிற்கு ஒன்றாக நீக்கிக் கூட்டலைக் கண்ணாற் காணலாம். கருங்கோலைக் கருங்கோலாற் பெருக்குவதனைக் காட்டுதற்கு அத்தகைய காட்சி இல்லை. மாணவன் தடுமாறும் இடமும் இதுவேயாகும்.

2. கழித்தலின் உறுப்பாகிய குறை

கி.பி. மூன்றாம் நூற்றாண்டினர் எனப்படும் அலெக்சாந்திரியா நகரத்துத் தயோபாந்தசு, தம் 'அரித்மெட்டிக்கா'வின் முகப்பிலேயே, இன்மையை இன்மையாற் பெருக்க உண்மையாம் என்னும் கருத்துடைய விதியை அமைத்துள்ளார். ஆயினும் தனித்து நிற்கும் குறை எண்ணை அவர் ஒப்புக்கொண்டாரல்லர். அறியாத எண்ணின் நான்கு மடங்குடன் 20-ஐக் கூட்டினால் 4 வரும் என்னும் சமன்பாட்டினை அவர் பொருந்தாதது என ஒதுக்கிவிடுகின்றார். அதன் விடை குறை 4 ஆதலே காரணம். எனவே அவர் விதி தனிக்குறையைப் பற்றியதன்று. ஒரு தொகையினின்று கழிக்கப்படும் உறுப்பினைப் பற்றியதே என்பது பெறப்படும்.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாக்தாது நகரில் வாழ்ந்த அல் குவாரிசுமியும் இந்நெறியினரே. 'அல்சபுர்' என அவர் நூற்பெயரில் வரும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கலைக்குப் பெயராயிற்று. அந்நூலிற் குறியீடு ஒன்றேனும் இல்லை, அனைத்தும் உரைநடையே. ஒன்று குறைந்த பத்தினை ஒன்று குறைந்த பத்தாற் பெருக்கும் முறையை அவர் இவ்வாறு காட்டுகின்றார். பத்தைப் பத்தாற் பெருக்க 100. ஒரு குறை ஒன்று பத்தோடு பெருகிக் குறை 10 ஆகும். மற்றைக் குறை ஒன்றும் அவ்வாறே குறை 10 ஆகும். எஞ்சியது 80. குறை ஒன்று குறை ஒன்றோடு பெருகி மிகை 1 ஆகும். ஆகவே விடை 81.

ஒன்று குறைந்த பத்து 9 என்பதும், ஒன்பதின் ஒன்பது மடங்கு 81 என்பதும் எண்சுவடி பயின்ற சிறுவனும் அறிவான். குறையும் குறையும் பெருகிக் குறையே ஆகுமெனின் விடை 79 ஆகிவிடும், வாய்பாடு பொய்யாய்விடும். விதியை ஆணையாகக் கூறாது, அறிந்த உண்மையோடு முரணாமை காட்டி நிறுவும் முறை இது. இதுவே மாணவனுக்குச் சொல்லத்தக்க முதற் காரணமாம்.

3. தனமும் கடனும்

குறையைக் கழித்தலின் உறுப்பாக மட்டுமன்றித் தனித்து நிற்கும் எண்ணாகவே கொண்டு, நான்கு செய்கைகட்கும் விதி வகுத்த பெருமை பிரமகுப்தருக்கு உரியது. இன்றைய இராசத்தானத்துப் பின்மாலாகிய பில்லமாலத்தோடு தொடர்புடைய அவர், கி.பி. 628-இல் 'பிராம்மசுபுட சித்தாந்தம்' இயற்றினார். அதன் பதினெட்டாம் அதிகாரத்தில் மிகையைத் தனம் எனவும், குறையை ருணம், அஃதாவது கடன், எனவும் வழங்கி, இவ்விரண்டோடு சுழியையும் சேர்த்து விதி கூறுகின்றார். இரு கடன்களின் பெருக்கம் தனம் என்பது அவற்றுள் ஒன்று.

பெயர் அழகியது, பயன் உடையது. கடனுடையான் மேலும் கடன் கொள்ளின் கடன் மிகும். கடனைக் கழித்துவிடின் பொருள் மிகும். கூட்டலும் கழித்தலும் இவ்வுவமையால் விளக்கம் பெறுகின்றன. ஆயின் கடனைக் கடனாற் பெருக்குதல் உலகில் யாண்டும் இல்லை. உவமை தன் எல்லையில் நின்றுவிடுகின்றது. விதியோ அதனைக் கடந்து செல்கின்றது. பிரமகுப்தர் காரணம் கூறினாரல்லர். நூற்பாவின் இயல்பு அதுவாகலின் அது குற்றமாகாது. காரணம் கூறுதல் உரையாசிரியர் கடன்.

விதியை ஏற்றும் விடையை ஏற்க அஞ்சிய நிலையைப் பாசுகரர் 1150-இல் இயற்றிய 'பீசகணித'த்திற் காண்கின்றோம். ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கினின்று மூன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கித்த தொகையினவாகிய குரங்குகள் குகையுட் புக்கன. ஒரு குரங்கு மட்டும் கிளைமீது காணப்பட்டது. கூட்டத்தின் தொகை யாது என்பது ஆங்கு வரும் கணக்கு. இதற்கு 50, 5 என இரு விடைகள் உள. 50-இன் ஐந்தில் ஒன்று 10, மூன்று கழிய 7, அதன் வர்க்கம் 49, கிளைமேலதனோடு 50. இனி, 5-இன் ஐந்தில் ஒன்று 1, மூன்று கழியக் குறை 2, அதன் வர்க்கம் மிகை 4, கிளைமேலதனோடு 5. விதியின்படி இரண்டும் பிழையற்றவை. எனினும் பாசுகரர் இரண்டாவதனைக் கொள்ளற்க என்கின்றார். குறையாக நிற்கும் தொகையில் உலகத்தார்க்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் காட்டும் காரணம். குகையுட் புகுந்த நான்கினையும் நாம் எண்ணலாம். வர்க்கிக்குமுன் நின்ற குறை இரண்டு குரங்குகளை யார் எண்ணுவர்?

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பீசகணித'த்திற்கு உரை கண்ட கிருட்டிண தைவக்ஞர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தார். குறைத்தன்மை இடத்தானும் காலத்தானும் பொருளானும் என மூவகைப்படும் என அவர் பகுத்தார். கிழக்கிற்கு மேற்கு மறுதலை. வருங்காலத்திற்கு இறந்தகாலம் மறுதலை. உடைமைக்குக் கடன் மறுதலை. கடன் என்னும் ஒரே உவமையினின்று குறையை விடுவித்து, மறுதலை என்னும் பொதுமைக்கு உயர்த்திய இவ்வுரைப்பகுதி, நல்லுரை ஒன்று நூற்பாவிற்குச் செய்யக்கூடிய தொண்டிற்குச் சான்றாகும்.

4. ஐரோப்பியரின் ஐயம்

இந்நாட்டினர் உணர்ந்த அவ்விடர்ப்பாடு ஐரோப்பாவிற் குறியீட்டு முறை வளர்ந்த பின்னரும் நீங்கவில்லை. வியேத்து 1591-இல் எழுத்துகளை எண்களுக்கு ஈடாக ஆண்டார். தேக்கார்த்து 1637-இல் இன்றைய எழுத்து முறைக்கு வழிவகுத்தார். செய்கைகள் எளியவாயின, காரணம் அவ்வாறே மறைந்து நின்றது. ஆயிலர் 1770-இல் வெளியிட்ட இயற்கணித நூல், கண்ணொளி இழந்த நிலையில் அவர் சொல்ல, முன்னர்த் தையற்றொழில் பயின்ற பணியாளர் ஒருவர் எழுதியது என்பர். தொடக்க நிலையினர்க்கு அதனினும் தெளிவான நூல் அரிது. அதனுட் கூட, குறையை மிகையாற் பெருக்கக் குறை வந்தமையின், குறையைக் குறையாற் பெருக்க அதுவே மீண்டும் வாராது, ஆகவே மிகையே வரும் என்னும் அளவிற்றான் காரணம் கூறப்பட்டுள்ளது. இது மாணவனை அமைதியுறச் செய்யலாம், ஐயத்தை வேரறுக்காது.

இங்கிலாந்தில் மசேர்சு 1758-இலும், பிரெண்டு 1796-இலும் வெளியிட்ட நூல்களிற் குறை எண்ணை இயற்கணிதத்தினின்றும் விலக்குதல் வேண்டுமென வாதிட்டனர். சிறியதினின்று பெரியதைக் கழித்தல் பொருளற்றது என்பது அவர்தம் கொள்கை. இவர்கள் கணிதம் அறியாதவர் அல்லர், அறிந்தமையாலேயே ஐயுற்றனர்.

பிரஞ்சு நாவலாசிரியர் தாந்தால் 1783-இற் கிரெனோபிள் நகரிற் பிறந்தவர். இளமையிற் கணிதத்தைப் பெரிதும் விரும்பியவர். கணிதத்தில் வஞ்சனைக்கு இடமில்லை என நம்பியிருந்த அவர், குறையைக் குறையாற் பெருக்க மிகையாவது ஏன் என வினவியபோது, ஆசிரியர் எவரும் தக்க விடை கூறாமை கண்டு மனமுடைந்ததனை, 1835-36-இல் எழுதிய தன்வரலாற்றிற் குறித்துள்ளார். ஒருவன் கடனை மற்றொரு கடனாற் பெருக்க அவன் செல்வனாவது எவ்வாறு என்பதே அவர் கேட்டது. பிரமகுப்தரின் உவமை எங்கு நின்றதோ அங்கேயே பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அச்சிறுவனும் நின்றான்.

விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. பீக்காக்கு 1830-இல், மிகை எண்கட்குப் பொருந்தும் செய்கை விதிகள் விரிந்த எண் உலகிலும் மாறாது நிலைத்தல் வேண்டும் என்னும் நெறியை முன்வைத்தார். ஆங்கெல் 1867-இல் அதனைத் தெளிவுபடுத்தினார். அதன் சாரம் வருமாறு: மிகை 5-உம் குறை 5-உம் கூடிச் சுழியாகும். சுழியை எதனாற் பெருக்கினும் சுழியே. ஆகவே அக்கூட்டினைக் குறை 3-ஆற் பெருக்கினும் சுழியே வருதல் வேண்டும். கூட்டினைப் பெருக்குதல் அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுதலோடு ஒக்கும் என்பது பங்கீட்டு விதி. உறுப்புகளுள் முதலாவது தருவது குறை 15. முழுமையும் சுழியாதற்கு, இரண்டாவது மிகை 15 தந்தே தீரும். வேறு எதனைக் கொள்ளினும் பங்கீட்டு விதி சிதையும். இது பொருளிற் கண்ட உண்மையன்று. விதிகள் தம்முள் முரணாமையினின்று பிறந்த உண்மை. அல் குவாரிசுமியின் 81-உம் இதனையே உட்கொண்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

5. தமிழில் இவ்விதி

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடாம் என்பது நம் உரையாசிரியர்கள் அறிந்த வழக்கு. 'அவன் வாராதவன் அல்லன்' எனின் வருபவன் என்பதே பொருள். வகுப்பறையில் இதனைக் காட்டி மூன்றாம் விதியை விளக்குவார் உளர். இவ்வொப்புமை பயனுடையதேனும் முற்றும் பொருந்துவதன்று. எதிர்மறையின் எதிர்மறை உடன்பாடு என்பது, குறையின் மறுதலை மிகை என்பதனை மட்டுமே காட்டும். குறையாற் பெருக்குதல் மறுதலையாக்குதலே என்பதனை அது காட்டாது. அதற்குப் பங்கீட்டு விதியே வேண்டும். உவமை அறிவிற்கு வாயிலாகலாம். ஏதுவின் இடத்தை அது கொள்ளலாகாது.

தமிழில் இக்கலையைத் தனிநூலாக்கிய முன்னோடியாக யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை போற்றப்படுவார். 1823-இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வி மரபில் வந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அவர்தம் 'வீசகணிதம்' 1855-இல் வெளிவந்தது. பீசம் என்னும் வடசொல்லின் முதற்கண் நின்ற பகரம், தமிழொலிக்கேற்ப வகரமாயிற்று. பீசமாவது வித்து; கண்ணுக்குப் புலப்படாத விடை சமன்பாட்டினுள் வித்தாக அடங்கியிருத்தலை அப்பெயர் குறிப்பதாகக் கொள்ளலாம். இன்று தமிழகத்தில் இயற்கணிதம் எனவும், ஈழத்தில் அட்சரகணிதம் எனவும் இக்கலை வழங்கும். முன்னது எண்களின் இயல்பை நோக்கியது; பின்னது அவற்றின் ஈடாக நிற்கும் எழுத்தை நோக்கியது. மூன்று பெயரும் ஒரு கலையின் மூன்று முகங்களைக் காட்டுகின்றன.

6. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், குறையும் குறையும் பெருகி மிகையாம் என்னும் விதி, ஒரு பொருளைக் கண்டு கூறிய விதியன்று என்பதும், எண்ணுலகை விரிக்குங்கால் முன்னை விதிகள் சிதையாமற் காத்தற்கு வேண்டப்பட்டது என்பதும் போதரும். நூற்பா 628-இல் எழுந்தது. அதன் முழு உரை 1867-இலேயே நிறைவுற்றது எனலாம். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விடைவெளியை ஒரு வகுப்பு நேரத்தில் மாணவன் கடத்தல் வேண்டுமென நாம் எதிர்பார்க்கின்றோம். அவன் தயங்கி நின்று ஏன் என வினவின், பாசுகரரும் ஆயிலரும் தாந்தாலும் நின்ற இடத்தில் அவன் நிற்கின்றான் என்று உணர்தல் ஆசிரியர்க்குரிய கடமை. ஒன்று குறைந்த பத்தினை ஒன்று குறைந்த பத்தாற் பெருக்கச் சொல்லி, 81 வருமாறு அவனையே காணச் செய்யின், விதி ஆணையாக அன்றி அறிவாக அவனிடம் தங்கும். உரையின்றி நூற்பாவை மட்டும் ஓதுவித்தல் இலக்கணத்தில் எத்துணைக் குறையோ, கணிதத்திலும் அத்துணைக் குறையேயாம்.