கலவையில் பிறந்த காவல்

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டார்கள். உடல்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, பின்னால் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்தார். மனிதனுக்கு முன்னால் மயங்கி விழும் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னவரும் அவரே. பிரிட்டன் கனேரிக் குருவிகளுக்கு ஓய்வு கொடுக்க முடிவெடுத்தது 1986இல்தான்.

குருவியின் வேலையை ஒரு பொடி ஏற்றுக்கொண்ட கதை ஜப்பானில் தொடங்குகிறது. அங்கே சமையல் எரிவாயு வீடுகளுக்குள் பரவப் பரவ, கசிவும் வெடிப்பும் கூடவே வந்தன. 1962இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ செய்யாமா, துத்தநாக ஆக்சைடுப் படலம் வாயுவை உணர்வதை வெளியிட்டார். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். 1969இல் அவர் நிறுவிய ஃபிகாரோ நிறுவனம் அதை வீட்டுப் பொருளாக்கியது.

சூடேறிய வெள்ளீய ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டி, எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும்; மின்தடை உயரும். எரிவாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட, மின்தடை சரியும். உடனே மணி அடிக்கும். சிறிதளவு பல்லேடியம் சேர்த்தால் உணர்திறன் கூடும்.

ஆனால் தனி ஆக்சைடுக்கு ஆள் அடையாளம் தெரியாது. சாராய ஆவிக்கும் அது மணி அடிக்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலவைப் பொருள்கள் வந்தன. அவற்றுள் மிக அழகானது, 1990களின் தொடக்கத்தில் கியூஷுவில் நோபொரு யமசோயேயின் குழு ஆராய்ந்த கலவை: வெள்ளீய ஆக்சைடோடு தாமிர ஆக்சைடு. இரண்டும் தொடுமிடத்தில் மின்னோட்டத்துக்குத் தடை எழும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் தாமிர ஆக்சைடு தாமிர சல்பைடாக மாறும். அது நன்றாக மின்கடத்தும் என்பதால் தடை இடிந்து விழும். வாயு விலகினால் காற்றில் பழைய நிலை திரும்பும்.

பின்னர் நானோகுழாய்களும் கிராபீனும் மின்கடத்தும் பாலிமர்களும் இந்தக் கலவைகளில் சேர்ந்தன.

யமசோயே குழு பிடித்த அந்த ஹைட்ரஜன் சல்பைடுதான் நம் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் ஆள்களைக் கொல்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். ஆகவே நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவது சாவை நம்புவது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் சாவுகள் நிற்கவில்லை. உங்கள் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரத்தை அழையுங்கள். எவரையும் உள்ளே இறக்காதீர்கள்.