வாயிலும் பணப்பெட்டியும்: ரோட்டரி வரலாறு தரும் பாடம்

ஒரு சங்கத்தின் தரத்தை அறிய இரண்டு வினாக்கள் போதும். அதன் வாயில் யாருக்குத் திறக்கிறது? அதன் பணப்பெட்டிக்குக் கணக்கு உண்டா? நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நூற்றாண்டு கடந்த ரோட்டரி இயக்கத்தின் வரலாற்றை இவ்விரு வினாக்களைக் கொண்டு நோக்குவது நம் இளைஞர்க்குப் பயன் தரும்.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர்; ஒருவர் சுரங்கப் பொறியாளர்; மற்றவர் தையற்கடை நடத்தியவர். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழல் முறையில் கூடியமையால் ‘ரோட்டரி’ எனப் பெயரிட்டனர். தொடக்கத்தில் ஒருவர் தொழிலுக்கு மற்றவர் துணை நிற்பதே நோக்கமாயிருந்தது. விரைவில் அந்நோக்கம் விரிந்தது. நகரில் பொதுக் கழிப்பிடம் அமைய வேண்டுமென 1907-இல் முன்னின்று பாடுபட்டனர். அதுவே முதல் பொதுத்தொண்டு. 1929-இல் சென்னையிலும் இச்சங்கம் தோன்றியது.

உறுப்பினர் சேர்க்கையில் அவர்கள் ஒரு நெறி வகுத்தனர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதே அது. ஒரே தொழிலார் கை ஓங்காதிருக்க இது உதவியது. தலைவர் பதவி ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் கை மாறுவதால் பதவி எவர்க்கும் சொந்தமாவதில்லை. ஆயினும், உள்ளிருப்போர் அழைத்தால்தான் வெளியிலிருப்போர் நுழைய இயலும். அழைப்போர் இல்லாதார்க்கு அவ்வாயில் மூடிய கதவே.

பெண்களுக்கு அது நெடுங்காலம் மூடியே இருந்தது. கலிபோர்னியாவின் துவார்த்தே நகரச் சங்கம் பெண்களைச் சேர்த்துக் கொண்டதற்காக, 1978-இல் தலைமையகம் அதன் உரிமையைப் பறித்தது. அச்சங்கத்தார் பணியவில்லை, நீதிமன்றம் சென்றனர். 1987 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வாண்டே சில்வியா விட்லாக் என்னும் பள்ளித் தலைமையாசிரியை அச்சங்கத்தின் தலைவரானார். 1989-இல் உலகெங்கும் விதி மாறியது. கதவைத் திறந்தது கருணையன்று. உரிமைப் போராட்டமே என்பதை நாம் மறத்தலாகாது.

இனிப் பணப்பெட்டியைக் காண்போம். 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பவர், உலகிற்கு நன்மை செய்ய ஒரு நிலைநிதி வேண்டுமென மொழிந்தார். அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட் மட்டுமே! அச்சிறு தொகையை எவரும் எள்ளவில்லை. அதுவே பின்னர் ரோட்டரி அறக்கட்டளையாக வளர்ந்தது. 1985-இல் போலியோ ஒழிப்புக்கென 12 கோடி டாலர் திரட்ட முனைந்தோர், 1988-க்குள் அதனினும் இரு மடங்குக்கு மேல் திரட்டினர். அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் பிறவும் இணைந்து உழைத்ததன் பயனாக, 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது.

1917-இல் தோன்றிய லயன்ஸ் சங்கங்களின் விதியொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே செல்ல வேண்டும். சங்கச் செலவை உறுப்பினர் சந்தாவே தாங்க வேண்டும். இரண்டிற்கும் கணக்கு வேறு வேறு.

நாம் தலைமையாசிரியராகப் பணிபுரியும் பள்ளிக்கு ஒருமுறை தொண்டு மன்றம் ஒன்று குறிப்பேடுகள் வழங்க வந்தது. பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றனர். நிழற்பந்தலின் கீழ் நின்று வழங்கினர். புகைப்படம் எடுத்துக் கொண்டனர். உதவியை நாம் மறுக்கவில்லை, நன்றியும் கூறினோம். அவர்கள் சென்றபின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, அந்தச் சங்கத்தில் நம் தெருக்காரர் ஒருவரும் இல்லையா?” என்று வினவினான். அன்று நம்மிடம் விடை இல்லை.

இன்று உண்டு. கொடுக்கும் வரிசையில் நம்மவரும் நிற்கவே இக்கல்விச் சங்கம் அமைந்தது. எனவே இளைஞர்களே, மாதச் சந்தாவைச் சிறிதென எண்ணாது தவறாது செலுத்துங்கள். ஆண்டுக் கூட்டத்திற்கு வந்து, வரவு செலவைக் கேட்டுத் தெளியுங்கள். கல்வி உதவி நிதியைப் பிற செலவுக்குத் தொடவிடாதீர்கள். நம் பெண்மக்களையும், நம்மினும் எளியோரையும் உறுப்பினராக்கி, நிர்வாகப் பொறுப்பிலும் அமர்த்துங்கள். நமக்கு மூடப்பட்ட கதவுகளை அறிந்த நாம், பிறர்க்குக் கதவை மூடலாமா?