கல்ட்மீட்டே

கல்ட்மீட்டே (பெயர்ச்சொல், ஜெர்மன்): வெப்பமூட்டும் செலவும் பிற பராமரிப்புச் செலவுகளும் சேராத வீட்டு வாடகை. ‘கல்ட்’ என்றால் குளிர்ந்த; ‘மீட்டே’ என்றால் வாடகை. மீட்டே பழைய ஜெர்மன் மொழியில் கூலி, வெகுமதி என்னும் பொருளில் வழங்கியது. கூலியைக் குறிக்கும் ‘மிஸ்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இதற்கு உறவுடையது. குடியிருப்பவர் ‘மீட்டர்’, வாடகைக்கு விடுபவர் ‘ஃபெர்மீட்டர்’.

இதன் இணைச்சொல் ‘வார்ம்மீட்டே’, அதாவது வெப்ப வாடகை. குளிர் வாடகையுடன் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல், படிக்கட்டுத் துப்புரவு போன்ற ‘நேபன்கோஸ்டன்’ எனப்படும் துணைச்செலவுகள் சேர்ந்தால் வெப்ப வாடகை. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் பெரும்பாலும் இதில் அடங்குவதில்லை. அவற்றுக்குக் குடியிருப்பவரே தனி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்.

ஜெர்மனியில் புதிதாகக் குடியேறுபவர் வீட்டு விளம்பரத்தில் காணும் தொகை பல நேரங்களில் குளிர் வாடகையே. துணைச்செலவுக்கு மாதந்தோறும் முன்தொகை கட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஆண்டுக்கொருமுறை கணக்குத் தீர்ப்பார். கூடுதல் செலவானால் மீதியைக் கட்ட வேண்டும், குறைந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கணக்காண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் இக்கணக்கு குடியிருப்பவரிடம் சேர வேண்டும்.

‘கவுட்சியோன்’ எனப்படும் முன்பணத்துக்கும் குளிர் வாடகையே அளவுகோல். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 551-ஆம் பிரிவின்படி அது 3 மாதக் குளிர் வாடகையைத் தாண்டக்கூடாது. அதை 3 தவணைகளாகச் செலுத்தவும் உரிமை உண்டு.