முதுமை ஆய்வும் இளம் ஆய்வாளரும்

ஓர் ஆய்வுத்துறை நிலைபெறுவதற்குக் கண்டுபிடிப்புக்கள் மட்டும் போதா; அதனைத் தொடர்ந்து முன்னெடுக்கும் இளந்தலைமுறையும் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் முதுமை ஆய்வு வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதுமைக்கான தேசிய நிறுவகம் அங்கு 1974ஆம் ஆண்டிலே சட்டத்தினால் தோற்றுவிக்கப்பட்டது. எனினும், நிறுவகமும் நிதியும் வாய்த்த பின்னரும் இளம் மருத்துவர் பலர் இத்துறையை நாடத் தயங்கினர். முதுமையின் தளர்ச்சி மருத்துவத்தால் மாற்றவியலாத விதி என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. வழிகாட்டத்தக்க மூத்தோரும் மிகச் சிலரே இருந்தனர்.

இக்குறையை நீக்க முற்பட்டோருள் போல் பீசன் குறிப்பிடத்தக்கவர். 1908இல் பிறந்த அவர், தொற்றுநோய் ஆய்விலே புகழீட்டி, யேல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராக விளங்கியவர். முதுமையியல் அவரது தொடக்கத்துறையன்று. ஆயினும், தம் எழுபதாவது வயதில், முதுமை பற்றிய அறிவு மருத்துவக் கல்வியில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்திய 1978ஆம் ஆண்டு அறிக்கையைத் தயாரித்த குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார்.

1994இல் அவர் பெயரால் இளம் மருத்துவ ஆய்வாளருக்கான புலமைத்திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. நிதியோடு, ஆய்வுக்கென ஒதுக்கிக் காக்கப்பட்ட நேரத்தையும், பொறுப்பேற்று நெறிப்படுத்தும் மூத்த ஆசானையும் அது ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதனவாக்கியது.

நிறுவகத்தைச் சட்டம் தோற்றுவிக்கலாம். ஆய்வாளனை ஆசானே உருவாக்குகின்றான். இளையோரின் நேரத்தைக் காத்தலை ஆசானின் தனிப்பட்ட பெருந்தன்மைக்கு மட்டும் விட்டுவிடும் துறை, தன் எதிர்காலத்தையே தற்செயலுக்கு ஒப்படைத்துவிடுகின்றது.